நாக்கு தவறாத மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை கோயிலில் ஒரு குழந்தை என் மேல் ஒன்றுக்குப் போய்விட்டது. ஏதோ சின்னச் சமாசாரம் என்று நினைத்துவிடாதே. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளை எல்லாம் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. இஸ்திரிப் பெட்டி போட்டு, மடிப்புக் கலையாமல், மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டு கட்டியிருந்த என் வேட்டி, ஞானஸ்நானம் குழந்தைக்கா எனக்கா என்று சபையார் குழம்பும்படி நனைந்துபோனது. பயல் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். நானும் சிரித்தேன். ஞானத் தகப்பன் ஆகிவிட்டேனே, வேறு என்ன செய்வது?

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பவுடர், தாய்ப்பால், கிரைப் வாட்டர், ஈரத்துணி எல்லாம் கலந்த பச்சைப்பிள்ளை வாசனை. அதோடு, பண்டிகைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசனை. சட்டென்று எனக்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, கையில் உன் தம்பி மகனை ஏந்திக்கொண்டு.

போதகர் இளவட்டம், புதிதாக வந்தவர். குழந்தையின் பெயர் என்ன என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அங்கியின் மடிப்பிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, பெற்றவர்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பெயரைத் தானே பார்த்துப் படித்தார். நம் சபையில் மட்டும் அப்படி ஒரு வழக்கம். வந்த புதிதில் அவர், "வேற எங்கயும் இப்படி இல்லையே, இங்க மட்டும் ஏன்?" என்று கேட்டார். சபையே என்னைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன். ராஜாக்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள், பார்லிமெண்ட் சட்டம் போட்டிருக்கிறது. ஒரு தனி மனிதன் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு சபைக்குச் சட்டம் வரவழைத்தான் என்றால், மச்சான், ஆதாம் ஏவாள் காலம் முதல் அது நீ ஒருத்தன்தான்.

உன் கதையை உனக்கே சொல்கிறேனே என்று சிரிக்காதே. உன்னைத் தெரியாதவர்கள் ஊரில் பெருத்துவிட்டார்கள். ஒரகடம் ரோட்டில் இப்போது முகம் தெரியாத ஜீப்புகள் போகின்றன. மறைமலை நகரில் எந்தெந்த ஊர்க்காரர்களோ குடிவந்திருக்கிறார்கள். அவர்களும் கொஞ்சம் கேட்கட்டும்.

அந்த நாளில் உன் பேச்சுக்கு இருந்த மதிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமை. வரப்பு நகர்ந்தது, மாடு மேய்ந்தது, ஏரித்தண்ணீர் முறை தவறியது, எதற்கும் சாட்சி நீதான். மேட்டுத்தெருவில் நம் ஆட்கள் யாரையும் உட்காரச் சொல்லாத பெரிய மனிதர்கள்கூட, வழக்கு என்று வந்தால் ஆள் அனுப்புவார்கள். "கோயில் தெருக்காரனைக் கூப்பிடுடா. அவன் பார்த்திருந்தா பார்த்தேன்னுவான், இல்லைன்னா இல்லைன்னுவான்." உன் வாயிலிருந்து ஒரு பொய் வந்தால் ஏரியே வற்றிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஏரி வற்றிய வருஷங்களில் உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தவர்களும் உண்டு.

கிறிஸ்தவன் என்றால் எப்படி இருப்பான் என்று மேட்டுத்தெருக்காரன் பார்த்துத் தெரிந்துகொண்டது நம் கோயில் மணியை வைத்தல்ல, உன்னை வைத்துத்தான். அந்த நினைப்பு உனக்கும் இருந்தது. அதனால்தான் நடந்தது அவ்வளவு பெரிதாகிவிட்டது.

உன் தம்பிக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. உன் தம்பியை நாம் எல்லாரும் சின்னவன் என்போம். தென்னை மரம் மாதிரி வளர்ந்தும் சின்னவன்தான். அவன் பெண்டாட்டி எஸ்தர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துப் பெண். குழந்தைக்குப் பிரேம்குமார் என்று பெயர் வைக்கப்போவதாக அவள் மாசமாக இருந்தபோதே சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் நம் தெருவில் அது சினிமாக்காரன் பெயர் மாதிரி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நீ உட்பட. ஞானத் தகப்பனாக உன்னைத்தான் நிறுத்தினார்கள்.

அன்றைக்கும் இதே சுண்ணாம்பு வாசனை. பழைய போதகர் ஐயா தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று, "பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்படி, "ஞானமுத்து" என்றாய்.

உன் அப்பா பெயர். என் மாமனார் பெயர்.

ஐயாவுக்கு என்ன தெரியும்? அள்ளிய தண்ணீரை ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானமுத்து என்றே முடித்துவிட்டார். எஸ்தர், "ஐயா!" என்று கத்தியபோது மூன்றாம் கைத் தண்ணீரும் பிள்ளையின் காது வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஊற்றின தண்ணீரைத் திரும்ப அள்ள முடியுமா? ஒருத்தருக்கு ஒரு ஞானஸ்நானம்தான். அவரும் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நாக்கு தவறிடுச்சி ஐயா. அப்பா நெனப்பாவே இருந்தேன், அதான்" என்றாய் நீ.

சபை நம்பியது. நீ சொன்னால் சபை நம்பாமல் என்ன செய்யும்? நான் நம்பினேன். உன் தங்கை நம்பினாள். மாதர் சங்கத்து சாராளம்மா ஒரு படி மேலே போய், நல்ல மனுஷன் நாக்கில் பிசாசு தடுமாற்றம் வைக்கிறான் என்று தீர்மானித்து, உன் நாக்குக்காகவே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தில் கைக்கு, காலுக்கு, கண்ணுக்கு ஜெபம் பண்ணுவார்கள். ஒரு தனி நாக்குக்குச் சங்கமே கூடி அழுதது நம் ஊரில்தான்.

நம்பாதவர்கள் இரண்டே பேர். சின்னவனும் எஸ்தரும். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கிணற்றைப் பங்கு போட்டு ஆளுக்கு ஒரு நாள் இறைத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி, உன் தண்ணீர் என் வாய்க்காலில் வரக்கூடாது என்று பக்கத்திலேயே இன்னொரு வாய்க்கால் வெட்டினீர்கள். ஒரு கிணற்றிலிருந்து இரண்டு வாய்க்கால், தண்டவாளம் மாதிரி ஒட்டிக்கொண்டே ஓடும். அதில் நான் ஒரு ரயில் விடலாம் என்று சொல்லி சின்னவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊர் என்ன சொன்னது தெரியுமல்லவா? எஸ்தர் பிடிவாதக்காரி, மன்னிக்கத் தெரியாதவள், வந்ததும் குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்றது. பிள்ளையை வீட்டில் அவள் பிரேம் என்பாள், பள்ளிக்கூடத்தில் ஞானமுத்து. அது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, எந்தப் பெயருக்குத் திரும்புவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டு வளர்ந்தது.

நீயோ அன்றிலிருந்து திருவிருந்துப் பந்திக்கு வருவதை நிறுத்திவிட்டாய். திருவிருந்து என்றால் முந்தின நாள் சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஊரில் பாதிப்பேரோடு பேச்சுவார்த்தை இல்லாத நாங்கள்கூட ஜம்மென்று போய்ப் பேர் கொடுத்துவிட்டு வருவோம். நீ மட்டும் போகமாட்டாய். ஆராதனை முடிந்து அப்பமும் ரசமும் கொடுக்கும்போது எழுந்து வெளியே போய், வேப்பமரத்தடியில் நிற்பாய். தம்பியோடு சமாதானம் ஆகாமல் பந்தியில் கைநீட்ட மாட்டான், என்ன மனுஷன் பார் என்று அதற்கும் உன்னைத்தான் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி உன்னை விடாமல் துரத்தியது, மச்சான். வேப்பமரத்தடியில் போய் நின்றால் அங்கேயும் வந்தது.

சில வருஷம் கழித்து, நம் தெருப் பால்காரப் பெரியவர் செத்தார்.

நம் சபையில் அடக்கத்தின்போது போனவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிற பொறுப்பு யாருடையது என்று உனக்கே தெரியும். அந்த விஷயத்தில் அடியேனுக்குச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே போட்டி இல்லை. நான் பேசினால் பிணமே, யாரைச் சொல்கிறான் இவன், என்று எட்டிப் பார்க்கும். அன்றைக்கு நான் பேசியதன் சுருக்கம்: இந்தப் பெரியவர் கறந்த பால் வானத்து மன்னாவுக்கு ஈடு, அதில் கலப்படம் என்பதை அவர் கனவிலும் கண்டதில்லை, அவர் வீட்டு எருமைகள்கூட ஓய்வுநாளில் அசைபோடாமல் இருந்தன. அழாத ஆள் இல்லை. பால் வாங்கி ஏமாந்தவர்கள்தான் அதிகமாக அழுதார்கள்.

முடிந்து ஏரிக்கரை மேல் இருவரும் நடந்து வந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் நீ நின்றாய்.

"மாப்ளே, ஒரு சந்தேகம். பொட்டி மாறிடுச்சா? நாம வேற ஆளை எட்தாந்து பொதைச்சிட்டமா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. "செத்தவரு இன்னா, எழுந்து வந்து சரி பண்ணவா போறாரு? நல்லபடியா அனுப்பி வச்சேன்."

"எனுக்கு இன்னா சொல்லுவே?"

கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையை ஏரியின் மேல் நீட்டி ஆரம்பித்தேன். "சபையாரே! ஸ்ரீபெரும்புதூர் முதல் செங்கல்பட்டு வரை, தண்டலத்துத் தண்ணீர்ப் பந்தலிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை, இப்படி ஒரு மனிதன் நடந்ததில்லை! இவர் உழுத மண் பொன்னாயிற்று! இவர் தொட்ட கத்தரிக்காயில் புழு இறங்க அஞ்சிற்று! இவர் வாயில், சபையாரே, ஒரு பொய், ஒரே ஒரு பொய் வந்ததில்லை! உண்டா இல்லையா? சொல்லுங்கள்!"

நாரைகள் சில பறந்தன. நீ சிரிக்கவில்லை.

"கத்திரிக்கா இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை எட்துடு."

"எது?"

"பொய் சொல்லலன்றது."

"அதை எட்துட்டா உங்கிட்ட வேற இன்னா கீது? உன் மூஞ்சைப் பத்தியா பேச முடியும்?"

நீ கரையோரம் குந்தி உட்கார்ந்தாய். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "நாக்கு தவறல மாப்ளே. வேணும்னுதான் சொன்னேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"எனுக்கு ரெண்டும் பொண்ணுங்க. அப்பாக்கு ஒரு போட்டோ இல்ல. வெள்ளம் வந்தப்ப கல்லறை மேடும் கரைஞ்சி போச்சி. இந்தக் கோயிலுக்குக் கல்லு சொமந்த மனுஷன். அவரு பேரைச் சொல்ல ஒரு நாக்கு இல்லாம பூடுமேன்னு... கிண்ணத்தாண்ட நிக்கறப்ப தோணிச்சி. சொல்லிட்டேன். அப்பறம் ஐயா மூஞ்சைப் பாத்ததும் பயந்துட்டு, தவறிடுச்சின்னேன். அதுதான் பொய்."

என் புத்தி உடனே வேலை செய்தது. என் புத்தி எப்போதும் தவறான நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். "சரி, இத்தினி வருசம் ஆயிடுச்சி. உள்ளயே வச்சிக்க. வெளிய சொன்னா மேட்டுத்தெருக்காரன் இன்னா சொல்லுவான்? வேதக்காரன் வேசம் கலைஞ்சிடுச்சின்னுவான். உன் பேரு மட்டுமா போவும்? நம்ம எல்லார் பேரும் போவும். நீ நல்லவன்னு ஊரே சொல்லுது, அதுல இன்னா கஷ்டம் உனுக்கு?"

நீ சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் எழுதுகிறேன். "கேளு மாப்ளே. ஒரு நாள் நான் பொட்டிக்குள்ள கையைக் காலை நீட்டிக்கினு படுத்துக்கினு இருப்பேன். நீ நின்னுக்கினு, பொய்யே சொல்லாதவருன்னுவே. எல்லாரும் தலையாட்டுவாங்க. எஸ்தரும் அங்க நிக்கும். நான் எழுந்து, இல்லன்னு சொல்ல முடியாது. அப்ப முடியாததை இப்பவே சொல்லிடணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நான் எழுந்து நடந்தேன்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு எஸ்தர் வீட்டுக்குப் போனாய். அவள் வாசலில் சாம்பலைத் தொட்டுக் கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அரிவாள்மனை. நான் உன் முதுகுக்குப் பின்னால் போதிய தூரத்தில் நின்றேன்.

வா என்று சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நீ நின்றபடியே, "எஸ்தரு, நாக்கு தவறல. நான் வேணும்னுதான் அந்தப் பேரைச் சொன்னேன்" என்றாய்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"கண்ணை மூடிக்கினு தின்னாலும் இது வெள்ளாடு, இது செம்மறின்னு நாக்காலயே பிரிச்சி சொல்றவரு நீ. உன் நாக்கா தவறும்? நீ எப்ப வந்து சொல்லுவேன்னுதான் இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுத்து அவள் தலையை நிமிர்த்தினாள்.

"பிரேம்குமாரு யாருன்னு தெரியுமா உனுக்கு? எங்க தம்பி. வைசூரி அம்மைல பூட்டான். எங்கம்மா அழுவும்னு அந்தப் பேரையே எங்க வூட்ல யாரும் வாயில எட்க்க மாட்டோம். அதை மறுபடியும் வாய் நெறைய கூப்புடணும்னு நெனச்சிக்கினு இருந்தேன், மாமா. உங்கப்பாவுக்கும் பேரு வேணும்னா என்னாண்ட கேட்டிருந்தா, ரெண்டாவதுக்கு வச்சிருப்பேனே. நீ கேக்கல. எட்துக்கினே."

நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்தாய். "எனுக்குத் தெரியாது, எஸ்தரு."

"கேட்டாத்தானே தெரியும்?"

கெளுத்தி ஒன்று தட்டிலிருந்து துள்ளிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. கொல்லைப் பக்கத்திலிருந்து சின்னவன் மண்வெட்டியோடு வந்து, கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். கால் கழுவப் போய்விட்டான்.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றாய்.

"எங்க எட்தியோ அங்க போயி சொல்லு. கோயில்ல."

நான் சும்மா இருக்கலாம் அல்லவா? "ஏம்மா எஸ்தரு, வூட்டுக்குள்ள முடிஞ்சிட்ட சமாசாரம். கோயில்ல சொன்னா மேட்டுத்தெரு வரிக்கும் போவும். மச்சான் பேரு..."

"போவட்டும் அண்ணே. அவுரு பேரு ஒரு நாள் போவட்டும். பிடிவாதக்காரின்னு என் பேரு இத்தினி வருசமா போயிக்கினே கீதே, அதை யாரு நிறுத்தனாங்க?"

நான் நியாயாதிபதிகள், வக்கீல்கள், வட்டாட்சியர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த மீன்தட்டுக்குப் பின்னால் இருந்து வந்த தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து, அறிவிப்புகள் சொல்லும் நேரம். நீ எழுந்து முன்னால் போனாய். கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்ட ஆள் கேட்கப் போகிறாய் என்று ஐயா நினைத்து ஒதுங்கி இடம் விட்டார். நீ ஞானஸ்நானக் கிண்ணம் வைக்கிற இடத்தில் போய் நின்றாய். சுற்றி வளைக்கவில்லை. வேண்டுமென்றே சொன்னேன், தவறிவிட்டது என்று சொன்னது பொய், எஸ்தர் மேல் தப்பில்லை, அவளைக் குறை சொன்னவர்கள் என்னைச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

வெளியில் வேப்பமரத்தில் ஒரு காக்கை தவறாமல் கத்தியது. அப்போது பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து சாராளம்மா எழுந்தார்கள்.

"அடப் பாவி மனுஷா! உன் நாக்குக்காக வெள்ளிக்கிழமை தவறாம பட்டினி கெடந்தோமேடா! எத்தினி சோறு போச்சி!"

நீ அந்தப் பக்கம் திரும்பி, "அந்த ஜெபத்துலதாம்மா இன்னிக்கி நாக்கு திரும்பிச்சி" என்றாய்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்த் திரும்பியது. ஐயா சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி வேறு எதையோ துடைத்துக்கொண்டார். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தாள். அதற்கடுத்த வாரம்தான் துண்டுச்சீட்டுச் சட்டம் பிறந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. உன்னைப் பற்றி எழுதும்போது அது முடியாது. மேட்டுத்தெருவுக்குச் சேதி அன்று மத்தியானமே போய்விட்டது. "அட, அவனும் நம்மள மாதிரிதானா" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னாராம். அடுத்து ஒரு வரப்பு வழக்கு வந்தபோது உனக்கு ஆள் வரவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டு அளந்தார்கள். நீயும் நானும் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வருத்தமா மச்சான்?" என்றேன்.

"வருத்தந்தான் மாப்ளே. அந்த வரப்பு எங்க இருந்துச்சின்னு எனுக்கு நல்லாத் தெரியும்" என்றாய்.

அதற்குப் பிறகு அவர்கள் உன்னைப் பழையபடி கூப்பிடவே இல்லை. நீ யாரிடமும் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதும் இல்லை.

அடுத்த திருவிருந்துக்கு நீ பேர் கொடுத்தாய். பந்தியில் முழங்காலில் நின்றாய். உன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. தென்னை மரம் ஒன்று எழுந்து வந்து அங்கே மண்டியிட்டது. எஸ்தர் அன்றைக்கு எழுந்து வரவில்லை, பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த முறைதான் வந்தாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. நீ முக்கியமாக அவசரப்படுத்தவில்லை.

சின்னவன் மறுவாரம் இரண்டு வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த கரையை மண்வெட்டியால் வெட்டிவிட்டான். தண்ணீர் கண்டபடி பாய்ந்து உன் கத்தரிச்செடியும் அவன் மிளகாயும் சேர்ந்து மூழ்கின. அன்றைக்கே அண்ணனும் தம்பியும் ஊர் கூடும்படி சண்டை. ஆனால் என்ன, பேசிக்கொண்டு போட்ட சண்டை. உன் தங்கை இரண்டு பேருக்கும் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

கோயில் ஏட்டில் பெயர் ஞானமுத்துதான். அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த நாளிலிருந்து நீ அந்தப் பிள்ளையைக் கூப்பிட்ட பெயர் வேறு. "பிரேம்குமாரு!" என்று கிணற்றடியிலிருந்து நீ போடும் சத்தத்தில் சிங்கப்பெருமாள் கோவிலில் புறப்பட்ட ரயில் நின்று, யார் கூப்பிட்டது என்று கேட்டுவிட்டுப் போகும். உன் அப்பா பெயரைச் சொல்ல உனக்கு இருந்த ஒரே வழியை நீயே அடைத்துக்கொண்டு கூப்பிட்டாய். நெடுநாள் கழித்து ஒரு மத்தியானம், எஸ்தர் அவனைச் சாப்பிடக் கூப்பிடும்போது, "டேய் ஞானமுத்து பிரேம்குமாரு, சோறு ஆறுது" என்றாள். நீ களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாய். முறம் கையிலேயே நின்றுவிட்டது. காற்று போனது கூடத் தெரியாமல் நின்றாய்.

எனக்கு உன்னிடம் மிகவும் பிடித்தது அதற்குப் பின்பு வந்த வருஷங்கள்தான். டீக்கடையில் யாராவது, "அண்ணன் பொய்யே சொல்ல மாட்டாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "ஒண்ணு சொல்லிக்கீறேன்" என்று தொடங்கி, கிண்ணத்திலிருந்து கெளுத்தி வரைக்கும் முழுக்கதையையும் சொல்லி முடிப்பாய். டீ ஆறி, மறுபடி காய்ந்து, மறுபடி ஆறிவிடும். பிற்காலத்தில் இந்தக் கதைக்குப் பயந்தே உன்னை யாரும் புகழ்வதில்லை. புகழைத் துரத்தியடிக்க இப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று எந்த வைத்தியனுக்கும் தெரியாது.

தை அறுப்பு நேரத்தில் நெஞ்சுச்சளியில் விழுந்தாய். எழவில்லை. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நான் எழுந்து நின்றபோது சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. மச்சானுக்கு மச்சான் பேசப்போகிறான், ஏரி பொங்கும், மலை பிளக்கும் என்று காத்திருந்தார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் சிலர் கோயில் சுவருக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது எல்லாம் உன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. நான் பேசியது இவ்வளவுதான்:

"இவரு ஒரு பொய் சொன்னாரு. அது நமக்கெல்லாம் தெரியும். எப்படித் தெரியும்னா, அவரே வந்து சொன்னாரு."

உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுசில் நான் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அது. ஒன்றும் கூட்டவில்லை, கூட்ட இடமே இல்லை. சுவருக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர், உன்னைக் கூப்பிடாமல் வரப்பு அளந்தவர், கல்லறைத் தோட்டம்வரை வந்து, குழியில் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் அடக்கத்துக்கு என்னைப் பேசச் சொல்கிறார்கள். பேசுகிறேன். மழையைப் பற்றி, மீனைப் பற்றி, என் வீரத்தைப் பற்றிக் கேட்டால் இன்றும் வானத்துக்கும் பூமிக்கும் ஏணி போடுவேன். அந்தப் பாவம் என்னை விட்டுப் போகாது. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நாக்கு தானாக அடங்கிவிடுகிறது. போனவர் செய்த ஒரு நல்ல காரியத்தைத் தேடுகிறேன். நடந்ததாக இருக்க வேண்டும், பார்த்தவர் ஒருவர் இருக்க வேண்டும். தேடினால் எவரிடமும் கிடைக்கிறது, மச்சான். பால்காரப் பெரியவரிடமும் ஒன்று இருந்ததாம். தாய் இல்லாத பிள்ளை இருந்த வீட்டுக்கு அவர் தனிச் சொம்பில் தண்ணீர் கலக்காத பால் ஊற்றுவாராம். அன்றைக்கு நான் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டால்தானே தெரியும்?

இன்றைக்குக் கோயிலிலிருந்து வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உன் தங்கை கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மே, நான் போயிட்டா எனக்கு யாரு பேசுவாங்க?"

"ஏன், புதுப் போதகரு கீறாரு. பேசுவாரு."

"அவராண்ட சொல்லிடு. நடந்ததை மட்டும் பேசச் சொல்லு. ஒரு வார்த்தை கூட்டக்கூடாது."

அவள் கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள். "அப்ப கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். மறுபடி முறத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உன் தங்கையல்லவா, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் சிரித்தேன். சாயங்கால ஜெபத்தில் வழக்கம்போல மழை கேட்டேன், பிள்ளைகளுக்குச் சுகம் கேட்டேன், முழங்கால் வலி போகக் கேட்டேன். முடிவில் இன்னொன்றும் கேட்டேன். ஆண்டவரே, அந்தக் கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச காலம் கொடும்.

உன் தங்கையைக் கட்டிய பாக்கியசாலி,
உன் மாப்பிள்ளை